எங்கள் பிள்ளைகளும் சட்டம் படிக்க வேண்டும்

(பாடசாலை நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைத் தேநீர் வேளையில் கேளுங்கள், சொல்கிறோம். இன்று பேச வந்தது சட்டம் படிப்பதைப் பற்றி. வைத்தியருக்கு அதில் என்ன வேலை என்பது போகப் போகத் தெரியும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எங்கள் பேச்சில் 'நாங்கள்' என்றே வரும். அது விடுதிப் பழக்கம். யன்னல் கண்ணாடி உடைந்தால் "யார் உடைத்தது?" என்று டீச்சர் கேட்பார். "நாங்கள்தான் டீச்சர்" என்போம். உடைத்தவள் ஒருத்தி, முழங்காலில் நின்றது எல்லோரும்.

நல்லதண்ணியிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மஸ்கெலியா வழியாக வரும் பஸ்ஸில் தகரப் பெட்டியோடு ஏறுவோம். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும்போது, தண்ணீர் வற்றிய காலமென்றால், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் மிச்சங்கள் தெரியும். "அங்கேதான் எங்கள் பாட்டி சாமான் வாங்கினார்" என்று ஒருத்தி கையை நீட்டிக் காட்டுவாள். மூவரின் அம்மாமாரும் கொழுந்து பறித்தவர்கள். மூவரும் பிள்ளைக் காம்பராவில் ஒரே ஆயாவிடம் வளர்ந்தவர்கள்.

மார்கழிப் போயாவில் இருந்து வெசாக் வரை எங்கள் ஊர் ஊராக இருக்காது. சிவனொளிபாத மலைக்கு ஏற வருபவர்களால் இரவெல்லாம் பஸ் சத்தமும் ஒலிபெருக்கியும்தான். எங்கள் தோழி ஒருத்தியின் மாமா சீசன் கடை போடுவார். விடுமுறையில் அவள் அந்தக் கடையில் தொப்பியும் கம்பளிக் கையுறையும் விற்பாள். சிங்களத்தில் விலை பேசி, சிங்களத்தில் கோபித்து, சிங்களத்திலேயே சமாதானமும் ஆகி, கடைசியில் கேட்ட விலைக்கே விற்றுவிடுவாள். அவள்தான் பின்னர் சட்டத்தரணி ஆனாள். அந்த மொழியைக் கற்றுக் கொடுத்தது எங்கள் பாடசாலை இல்லை, மலைக்கு வந்த யாத்திரிகர்கள். இந்த விழா மேடையில் இதைச் சொல்வதற்கு அதிபர் மன்னிக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் இங்கே கெட்டிக்காரப் பிள்ளை என்றால் விஞ்ஞானப் பிரிவு. அடுத்தபடி ஆசிரியத் தொழில். சட்டம் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, அது வாயாடிகளுக்கான தொழில் என்றும் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கென்றும் சொன்னவர்கள் இருந்தார்கள். சொன்னவர்களைக் குறை சொல்லவில்லை. எங்களுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் ஒருவரையும் நாங்கள் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

எங்கள் பாட்டிமாரின் வாழ்க்கையைத் தீர்மானித்ததே சட்டம்தான் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியது. வாக்காளர் இடாப்பில் பெயரைச் சேர்க்கும்படி ருவன்வெல்லையில் கோடகன் பிள்ளை என்பவர் வழக்காடினார். முதலில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. இலண்டன் கோமறைக் கழகம் வரை போய் 1953 இல் அங்கேயும் தோற்றார். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். இன்று கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் இந்த விழாவுக்கு வந்திருக்கும் அக்காமார் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் விழுந்தவர்கள். அவர்கள் இங்கே ஆறாம் வகுப்பில் விட்டுப்போன வாங்கைத் தேடிக் காலையில் வகுப்பறைக்குப் போனதை நாங்கள் பார்த்தோம். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், இந்தப் பிரச்சினை இழுபட்டது. இவ்வளவும் நடந்த அறைகளில் எங்கள் லயங்களிலிருந்து போன ஒரு பெண் இருந்திருப்பாளா?

இருக்க வாய்ப்பே இல்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892 இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சட்டத் தொழிலில் பெண்களுக்கு இருந்த தடை இந்த நாட்டில் நீங்கியது 1933 இல். புதுக்கடையில் சட்டக் கல்லூரி தொடங்கியதோ 1874 இல். பெண் நோயாளியைப் பெண் வைத்தியர் பார்க்க வேண்டும் என்பது சீக்கிரம் விளங்கிய சமூகத்துக்கு, பெண்ணின் வழக்கைப் பெண்ணும் பேசலாம் என்பது விளங்க இன்னும் நாற்பது வருடம் எடுத்தது. 1801 இல் நிறுவப்பட்ட எங்கள் உயர் நீதிமன்றத்தில் முதற் பெண் நீதியரசராக ஷிராணி பண்டாரநாயக்க அமர்ந்தது 1996 இல். அந்த வருடம் நாங்கள் சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பொது அறிவுப் போட்டிக்காக அந்தப் பெயரை மனப்பாடம் செய்தோம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இனி, வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறோம்.

அடிபட்டு வரும் ஒருவரைப் பொலிஸ் படிவத்தோடு அனுப்பினால் வைத்தியர் பரிசோதித்து அறிக்கை எழுத வேண்டும். எந்த இடத்தில் காயம், எத்தனை சென்ரிமீற்றர், எதனால் ஏற்பட்டிருக்கலாம், சாதாரண காயமா கடுங்காயமா. எலும்பு முறிந்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவின்படி அது கடுங்காயம். பிறகு ஒரு வருடமோ மூன்று வருடமோ கழித்து நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வரும். போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். மலையகத்தில் வேலை செய்யும் வைத்தியர்கள் எங்களுக்குச் சாட்சிக் கூண்டு பழகிப்போன இடம்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு அம்மா வந்தார். கொழுந்து பறிப்பவர். இடது முன்கை எலும்பு முறிந்திருந்தது. தலையில் விழ வந்த அடியைக் கையால் தடுத்தால் முறியும் இடம் அது. முதலில் படியில் வழுக்கியதாகச் சொன்னார். கட்டுப் போட்டு முடிந்து, வார்ட்டில் ஆள் குறைந்த பிறகு, தமிழில், மெதுவாக, உண்மையைச் சொன்னார். எழுதிக்கொண்டோம்.

வழக்கு வந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள். அவர் கூண்டில் ஏறி இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னார். அன்று உரைபெயர்ப்பாளர் வேறொரு நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். வழக்குத் தவணை போடப்பட்டது. திகதி சிங்களத்தில் சொல்லப்பட்டது. எங்களுக்கு விளங்கியது, குறித்துக்கொண்டோம். வெளியே வந்தபோது அந்த அம்மா எங்களிடம், "முடிஞ்சிருச்சுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். மதியம் கிளினிக் இருந்தது, வாகனம் காத்துக்கொண்டிருந்தது. இன்றைய வேலை முடிந்துவிட்டதா என்று கேட்கிறார் என நினைத்து, "முடிஞ்சிருச்சு, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டோம்.

அவர் கேட்டது வழக்கு முடிந்துவிட்டதா என்று.

அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. சாட்சி வராததால் பிடியாணை போனது. மூன்றாம் தவணைக்கு அடிபட்டவரைப் பொலிஸ் கூட்டி வந்தது. தோட்டமே பார்த்துக்கொண்டிருக்க லயத்து வாசலில் ஜீப் வந்து நின்றதாம். எங்களைக் கண்டதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கதானே முடிஞ்சிருச்சுன்னீங்க" என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார். அந்த மூன்று நாளுக்கும் அவருக்குப் பெரட்டில் பேர் விழவில்லை.

இதை எங்கள் சட்டத்தரணித் தோழியிடம் சொன்னபோது அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை தெரியுமா?" என்று கேட்டாள். நீதிமன்றத்தின் மொழி தெரியாத தரப்பினருக்கு உரைபெயர்ப்புக் கிடைக்க வேண்டும், அதை அரசு ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூண்டில் நின்றபடியே நீதவானிடம் "இந்த அம்மாவுக்குத் திகதி விளங்கவில்லை" என்று வைத்தியர் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்றாள். "எத்தனை நீதவான்மார் அப்படிக் கேட்டு நாங்கள் கண்டிருக்கிறோம். சொல்ல ஆளில்லாததுதான் குறை." நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ் பேசுபவர்கள். அப்படியிருந்தும் அன்று அந்த மண்டபத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவர் எங்களைத் தவிர இன்னும் ஒரிருவர் இருந்திருந்தால் அதிகம்.

அன்றிலிருந்து, அந்தத் தொழிலில் எங்கள் பெண்கள் இருக்க வேண்டியது ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். நல்ல சம்பளம், மதிப்பு எல்லாம் சரிதான். ஆனால் 1904 இல் கொர்னேலியா சொராப்ஜி வங்காளத்தில் செய்த வேலையைப் பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. அந்தப்புரத்துக்குள் வாழ்ந்த பெண்களுக்குச் சொத்து இருந்தது. ஆனால் ஆண் வக்கீலிடம் முகம் காட்டிப் பேச வழக்கம் விடவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே போக ஒரு பெண் தேவைப்பட்டார். ஒக்ஸ்போர்ட்டில் 1892 இல் சட்டப் பரீட்சை எழுதியவர் சொராப்ஜி. அந்தப் பரீட்சையை அவர் எழுத விடும்படி அங்கே வாதாடியவர் பெஞ்சமின் ஜோவெட் என்ற கல்லூரித் தலைவர். படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தவர்களில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் ஒருவர். தாதியரும் வைத்தியரும் சட்டம் படிக்கும் பெண்ணுக்கு உதவுவது எங்களோடு தொடங்கியதில்லை!

தனியாக ஒருத்தியும் இதில் முன்னுக்கு வந்ததில்லை என்பதற்கு இன்னும் இரண்டு பேரைச் சொல்லலாம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதி பாத்திமா பீவி, பிறகு தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தவர். அவர் இரசாயனவியல் மேற்படிப்புக்குத்தான் ஆசைப்பட்டார். சட்டம் படி என்று பிடிவாதமாக நின்றவர் அவரது தந்தை. திருவனந்தபுரத்தில் அன்னா சாண்டி என்ற பெண் நீதிபதி இருப்பதை அந்தத் தந்தை பார்த்திருந்தார். 1937 இல் நீதிபதியான ஒரு பெண்ணை ஒரு தகப்பன் கவனித்தார், 1989 இல் அவர் மகள் உச்ச நீதிமன்றம் போனார். இன்னொருவர் ஆர். பானுமதி, ஊத்தங்கரைக்காரர். இரண்டு வயதில் தந்தையைப் பஸ் விபத்தில் இழந்தவர். தாய் நட்டஈட்டுக்கு வழக்குப் போட்டுத் தீர்ப்பும் கிடைத்தது. ஆனால் நடைமுறைச் சிக்கலாலும் உதவ ஆளில்லாததாலும் பணம் கைக்கு வரவேயில்லை. 2020 இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெறும்போது அவரே இதைச் சொன்னார். நட்டஈட்டுக்கு அலையும் தாய்மாரை எங்கள் தோட்டங்களில் காணாதவர் இங்கே யாரும் இருக்கிறீர்களா?

எங்கள் தோழியின் கதையில் நீதிபதிப் பதவி எதுவும் இல்லை. அவளுக்கு உயர்தரம் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நின்று, தனக்குக் கல்யாணம் பேசியதை இரண்டு முறை தள்ளிப்போட்டு, பணம் அனுப்பினார். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் முதல் தடவை தவறினாள். எங்கள் வகுப்புப் பெண்கள் சீட்டுப் பிடித்து இரண்டாம் தடவைக்குக் கட்டணம் கட்டினோம். டொரண்டோவில் இருந்த ஒருத்தி விடுதிக் காசைப் பொறுப்பெடுத்தாள். பரீட்சைகளைத் தமிழில் எழுதினாள். 2020 டிசம்பரில் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வேண்டுமென்று வர்த்தமானி வந்ததும் 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். "அது எங்கள் காலத்தில் வந்திருந்தால் நான் இன்றைக்கும் தொப்பிதான் விற்றுக்கொண்டிருப்பேன்" என்பாள். ஆங்கிலம் வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. தங்கைமாரே, ஆங்கிலம் கட்டாயம் படியுங்கள், தீர்ப்புகள் அந்த மொழியில்தான் கிடக்கின்றன. ஆனால் அது வாசலில் நின்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பயிற்சிக்கு ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் சேர்ந்தாள். வயதான சிங்களவர். அலுவலகத்தில் லிகிதர் ஒரு முஸ்லிம். கொழும்பில் இதற்குப் பன்மைத்துவம் என்று பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். இங்கே அது தேவைக்கு வந்தது. காணிக்காரர் வந்தால் ஒருவர் பேசுவார், கடைக்காரர் வந்தால் மற்றவர், தோட்டத்து ஆட்கள் வந்தால் இவள். வெளியே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே அவ்வளவு அழகில்லை. முதல் இரண்டு வருடம் அவளுக்குப் பேசுவதைத் திருப்பிச் சொல்லும் வேலைதான். வழக்கைப் படித்து வருவாள், வாதாட வேறொருவர் எழும்புவார். சம்பளம் என்று ஒன்றும் இல்லை, பஸ் காசு மட்டும். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "சேர், நான் உங்கள் உரைபெயர்ப்பாளரா, உங்கள் ஜூனியரா?" என்று கேட்டுவிட்டாள். அந்த மனுஷன் கோபிக்கவில்லை, உடனே பதிலும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு தாபரிப்பு வழக்கின் கோப்பை மேசையில் வைத்து, "குறுக்கு விசாரணை நீ செய், நான் பின்னால் இருக்கிறேன்" என்றார். கை நடுங்கியது என்றாள். அவரும் சொன்னபடி பின்னால்தான் இருந்தார், ஒரு துண்டுகூட எழுதி நீட்டவில்லை. நல்ல குரு என்பவரை எல்லோரும் வானத்திலிருந்து வருபவர் போலப் பேசுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் பாதிக் குருமாரைக் கேட்டுத்தான் குருவாக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது தொழிலை விட்டுவிடுவாள் என்றே எல்லோரும் நினைத்தோம். விடவில்லை. காரணம் அவள் மாமியார். கைநாட்டுக்காரர், ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி. "எனக்குப் படிக்கத் தெரியாது, புள்ளைக்குப் பால் ஆத்தத் தெரியும், நீ கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ" என்று சொன்னாராம். இந்த மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டியவர் அந்த அம்மா. குளிர் ஒத்துக்கொள்ளாமல் இன்று வர முடியவில்லை.

தோழியிடம் இப்போது வருவதில் பெரும்பாலானவை பெண்களின் வழக்குகள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடமிருந்து பன்னிரண்டு மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பது எங்கள் லயங்களில் பலருக்குத் தெரியாது. நாங்கள் எங்கள் கிளினிக்கில் சொல்கிறோம். வைத்தியர் சொன்னால் மருந்துச் சீட்டைப் போல மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போகிறார்கள். அதற்கு மேல் வழி காட்ட ஒரு சட்டத்தரணியின் முகவரி கொடுக்க வேண்டும். எங்களிடம் இருக்கும் முகவரி ஒன்றே ஒன்றுதான்.

அதனால்தான் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் விஞ்ஞானப் பிரிவுக்கு மூன்று பரிசு கொடுக்கிறோம், மருத்துவ பீடத்துக்குப் போகும் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுக்கிறோம். அவை இருக்கட்டும். இந்த நூற்றாண்டிலிருந்து சட்டம் படிக்க விரும்பும் இரண்டு பிள்ளைகளுக்கு நுழைவுப் பரீட்சைக் கட்டணமும் பயிற்சிக் காலத்துக்குப் பஸ் காசும் கொடுப்போம். இலண்டனிலும் டொரண்டோவிலும் சென்னையிலும் சட்டத் துறையில் இருக்கும் பழைய மாணவிகள் மாதம் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் ஒரு பிள்ளையோடு பேசினால் போதும். கலைப்பிரிவுப் பிள்ளைகளை வருடத்தில் ஒரு நாள் ஹற்றன் நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போய்ப் பின் வாங்கில் உட்கார வைப்போம். சட்டப் படிப்புக்குப் போக முடியாதவர்கள் நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் சின்ன வேலை இல்லை. அன்று அந்த ஒருவர் வந்திருந்தால் அந்த அம்மாவின் வாசலில் ஜீப் நின்றிருக்காது.

எங்கள் தோழி இப்போது மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். எழும்பச் சொன்னால் எழும்ப மாட்டாள், கோபிப்பாள். வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறாள், பார்த்தாலே தெரியும். தேநீருக்குப் பிறகு நாலு மணி வரை நூலக அறையில் இருப்பாள். உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கும் பிள்ளைகள் பேனாவும் கொப்பியும் கொண்டு போங்கள். அம்மாமார் வந்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். சிங்களத்தில் வந்த கடிதம் ஏதாவது வீட்டில் விளங்காமல் கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள், வாசித்துச் சொல்லுவாள்.